பெட்டி மறந்த ஆட்கள்

மார்ச் 4, செவ்வாய்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. பெரியம்மாவின் சின்னவனுக்குப் பல் முளைக்கிறது. காலையிலிருந்து என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. கடைக்குத் தாமதமாகத்தான் போனேன். கடை ஒக்கேச் அண்ணனுடையது. அவர் முன்பக்கம் உட்கார்ந்து, போன் பழுதுபார்க்க வருகிறவர்களிடம் பேசுவார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்வேன். செத்துப்போன போன்களுக்குப் புதுக் கெர்னல், அதாவது எல்லாவற்றையும் உள்ளிருந்து ஆட்டிவைக்கும் அடிநிரல், ஏற்றி உயிர் கொடுப்பது யார் என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அதுதான் வசதி.

படகுத்துறைப் பெட்டி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. படகில் ஏறும் இரண்டு வாசலிலும் ஒளிக்கதிர். ஆள் கடந்தால் கதிர் அறுபடும், எண் ஒன்று கூடும். எண் வரம்பைத் தொட்டால் சிவப்பு விளக்கு எரியும், வாசலை மூட வேண்டும். ஒவ்வொரு நடையின் எண்ணிக்கையும் கிசுமு நகரத்தில் இருக்கும் அதிகாரிகளுக்குத் தானாகவே போய்விடும். போன வருஷம் பக்கத்துத் துறையில் ஆள் தாங்காமல் ஒரு படகு கவிழ்ந்ததே, அதற்குப் பிறகு பெட்டி இல்லாத படகுக்கு உரிமம் கிடையாது. அன்றைக்கு மூழ்கிப் போனவர்களில் மூன்று பேர் எங்கள் தேவாலயத்துக்காரர்கள்.

அம்மா ஒவ்வொரு வியாழனும் ஏரித் தீவிலிருந்து எங்கள் துறைப் படகில்தான் சந்தைக்கு வந்து போகிறாள்.

பெட்டி எண்ணுகிறது. ஆனால் திரையில் எச்சரிக்கை வரிகள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒக்கேச் அண்ணன் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு மகாக் வந்து பாக்கப்போறார். இப்படிக் கத்திக்கிட்டு இருந்தா பெட்டி கெட்டுப்போச்சுன்னுதான் நினைப்பார். எப்படியாவது வாயை அடைச்சிரு, தங்கச்சி." மகாக்தான் துறையின் மேலாளர். அவர் ஒன்றை வேண்டாம் என்றால் துறையில் அது கிடையாது.

மார்ச் 5, புதன்

வாயை அடைத்துவிட்டேன்.

பெட்டிக்குள் இருக்கும் பலகையில் நான்கு செயலிகள், கணக்குப் போடும் நான்கு மூளைகள் மாதிரி. ஆட்களை எண்ண நிரலுக்குள் வாசலுக்கு ஒரு வேலைக்காரன்; அவனைக் கெர்னல் இந்த நான்கில் எதிலாவது உட்காரவைக்கும். செயலிக்கு ஒன்றாக நான்கு எண்கள் இருக்கின்றன. பெயர் ஒன்று, இடம் நான்கு. அவரவர் எண்ணை அவரவர் மட்டும் தொட்டால் பூட்டு வேண்டாம், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டாம். கடைசியில் நான்கையும் கூட்டினால் மொத்த ஆட்கள்.

கெர்னல் கத்தியது இதற்குத்தான்: 'நீ எந்தச் செயலியில் இருக்கிறாய் என்று கேட்கிறாய். ஆனால் உன்னை எந்த நேரமும் எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைக்கலாம். பதில் உன் கைக்கு வருவதற்குள் பொய்யாகிவிடும்.'

அதே கேள்வியைக் கேட்க இன்னொரு வழி இருக்கிறது. அப்படிக் கேட்டால் யாரும் கத்தமாட்டார்கள். 'நான் தெரிந்துதான் கேட்கிறேன்' என்கிறவர்களுக்கான வழி அது. ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். திரை சுத்தமாகிவிட்டது. மகாக் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

தெரிந்துதான் கேட்கிறேனா? ஆள் கடப்பதுபோல் கையால் கதிரை நிதானமாக மறித்து மறித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட எண் தப்பவில்லை. அப்புறம் என்ன.

இந்த எண்ணும் நிரல் உலகத்தில் பல பேர் எடுத்துப் பயன்படுத்துவது. அதனால் என் திருத்தத்தை அதை எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கும் அனுப்பினேன். பெயருக்கு வெறும் இரண்டு எழுத்து. அ.ஓ.

மார்ச் 6, வியாழன்

பெட்டியைத் துறையில் மாட்டினோம். அம்மா படகிலிருந்து இறங்கினாள். தலையில் கருவாட்டுக் கூடை, முதுகில் தம்பி ஒதோயோ. கை காட்டினேன். பார்த்துவிட்டாள். "சந்தை பிடிக்கணும்டி, சாயங்காலம் வர்றேன்" என்றாள். சாயங்காலம் நேராகப் படகுக்குப் போய்விட்டாள்.

கடைசிப் படகு நிரம்பி வழிந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. பெட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயம். பாத்திரம். துணி. குழுவிலிருந்து பதில் இல்லை.

அங்கே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கடிதங்கள் வரும். எல்லாரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைப் படிப்பேன். அவர்கள் சண்டை எனக்குப் பழகிவிட்டது. யார் எதற்குக் கோபப்படுவார் என்றுகூடத் தெரியும். அவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. பத்தாவதில் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னால் குரல் வராமல் நிற்பேனே, அங்கே அந்தத் தொல்லை இல்லை. அம்மா தீவுக்காரரைக் கட்டிக்கொண்டு, என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனபோது பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. அழவில்லை. வகுப்பில் நான் இல்லாததை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

தீவில் அம்மாவை 'மின் ஒதோயோ' என்று கூப்பிடுகிறார்களாம். ஒதோயோவின் அம்மா. முன்பு அந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பதில் வந்துவிட்டது! யார்மோ என்று ஒருவர். பின்லாந்துக்காரர். அந்த நிரல் அவர் பொறுப்பில் இருக்கிறது. மொத்தமே இரண்டு விஷயம்.

'எச்சரிக்கையை நிறுத்தியிருக்கிறாய். நடுவில் இடம் மாறினாலும் இங்கே ஏன் தப்பு வராது? அதை நீ சொல்லவில்லை.'

'முழுப்பெயர் இல்லாமல் எதையும் சேர்க்கமாட்டேன்.'

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏன் தப்பு வராது? வரவில்லையே, அதனால்தான். இதை எப்படி எழுதி அனுப்புவது. திரையை மூடிவிட்டு ஒரு பழைய போனைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று துறையில் ஒன்று நடந்தது. டிக்கெட் கொடுக்கும் ரொசாலியா அக்கா கடைக்கு வந்தாள். போனில் கண்ணாடி மாற்ற. பேச்சோடு பேச்சாக ஒக்கேச் அண்ணனிடம் சொல்கிறாள்: "உங்க பெட்டி பெரிய மனசுக்காரப் பெட்டி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், நூத்தி நாப்பத்தி மூணுன்னு காட்டுச்சு, அடுத்த நிமிஷம் நூத்தி முப்பத்தி ஒம்போது. நாலு பேர் ஏரில குதிச்சிட்டாங்களான்னு எட்டிப் பாத்தேன்." மகாக்குக்கு ஒரே சந்தோஷமாம். கேட்டால், "பெட்டியே எடம் இருக்குங்குது, நீ என்ன?" என்கிறாராம்.

ஒக்கேச் அண்ணன் சிரித்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த போனைக் கீழே வைத்தேன்.

எண் கூடாமல் நிற்கலாம். குறையக் கூடாது. குறைக்கிற வரி அந்த நிரலில் எங்கேயும் இல்லை. நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன்.

அந்தப் படகில்தான் அம்மா போனாள்.

மார்ச் 14, வெள்ளி

இன்று மீன் குழம்பு உப்புக் கரித்தது. உப்புப் போடுவதற்கு முன் ருசி பார்த்தேன், உப்பே இல்லை, அரைக் கரண்டி போடலாம் என்று கரண்டியை எடுத்தேன். "அஜ்வாங்! இவனைத் தூக்கு!" போய்த் தூக்கினேன், சமாதானப்படுத்தினேன், திரும்பி வந்து அதே கரண்டியை எடுத்துப் போட்டேன். நடுவில் பெரியம்மா வந்து போட்டிருக்கிறாள்.

"ருசி பாத்துப் போடத் தெரியாதா? கம்ப்யூட்டர் ராணிக்கு நாக்கும் கம்ப்யூட்டரா?"

"ருசி பார்த்தேன் பெரியம்மா."

"எப்ப பாத்தே?"

எப்போது பார்த்தேன்! தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். யார்மோ கேட்டது இதைத்தான்.

வாசலில் ஆள் கடந்ததும் வேலைக்காரன் தன் செயலியின் எண்ணைப் பார்க்கிறான். நாற்பது. உடனே ஒன்று கூட்டி எழுதுவதில்லை. கடந்தது ஆள்தானா, ஆட்டிய கையா என்று தெரிய ஒரு கணம் காத்திருக்கிறான். அந்தக் கணத்தில் கெர்னல் அவனை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாம். அதற்குள் மற்ற வாசலின் வேலைக்காரன் அவன் விட்டுப்போன செயலியில் உட்கார்ந்து ஐந்து பேரை எண்ணி, அதே எண்ணை நாற்பத்தைந்து ஆக்கிவிடுகிறான். பிறகு முதலாமவன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். அவன் கையில் இருப்பது பழைய நாற்பது. ஒன்று கூட்டி நாற்பத்தொன்று என்று எழுதுகிறான், நாற்பத்தைந்தின் மேலேயே. எண் நாலு இறங்கிவிட்டது.

கூட்டம் இல்லாதபோது இது நடக்காது. கூட்டம் கூடக்கூட அதிகமாக நடக்கும். எண்ணிக்கை எப்போது அவசியமோ அப்போதுதான் தப்பும்.

கெர்னல் முதல் நாளே சொன்னது. நான்தான் வாயை அடைத்தேன்.

மார்ச் 15, சனி

ஒக்கேச் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தபடியே முழுக்கக் கேட்டார். பிறகு, "நிஜமாவா, இல்ல நினைக்கிறியா?" என்றார். நியாயமான கேள்வி. நடப்பதைக் காட்ட வேண்டும். காட்ட, இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் கூட்டம் வேண்டும். எனக்கு இருப்பது இரண்டு கை. கூப்பிட்டால் வரக்கூடிய ஆட்கள் யார் என்று நினைத்துப் பார்த்தேன். பெரியம்மா வீட்டுக் குழந்தைகள். அதற்கு மேல் யாரும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

ஆள் இல்லாத கூட்டம் ஒன்று செய்தேன். இரண்டு வாசலிலும் கதிர் அறுபட்டதாக மாறி மாறிப் பொய் சொல்லும் ஒரு சின்ன நிரல். சந்தை நாள் மாதிரி முட்டி மோதி வருகிறார்கள். முகமில்லாத, கூடையில்லாத ஆயிரம் பேர். எண் ஏறியது, ஏறியது, சட்டென்று இறங்கியது. மறுபடி ஏறி மறுபடி இறங்கியது. ஆயிரம் பேரை ஏற்றினேன். பெட்டிக்குத் தெரிந்தது எண்ணூற்றுச் சொச்சம்.

ஒக்கேச் அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். "ஏ அப்பா" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

முதலில் செய்தது தப்பு. எண்ணைப் பார்ப்பதிலிருந்து எழுதும்வரை 'என்னை யாரும் எழுப்பக் கூடாது' என்று கதவைச் சாத்திக்கொள்ளச் செய்தேன். கெர்னல் வேறு மாதிரி கத்தியது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்கினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஆளா கையா என்று காத்திருப்பது ஒரு தூக்கம்தானே. உண்மைதான்.

இந்த முறை வாயை அடைக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தேன்.

காத்திருப்பதை முதலில் முடித்துவிட வேண்டும். ஆள்தான் என்று உறுதியான பிறகு கதவைச் சாத்து, உன் எண்ணை எடு, ஒன்று கூட்டு, வை, கதவைத் திற. அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆயிரம் பேரை விட்டேன். ஆயிரம். இன்னொரு முறை. ஆயிரம். கத்தலும் இல்லை. சும்மா இருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருவரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பெரியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் மடித்தேன்.

மார்ச் 19, புதன்

துறைக்குப் போய்ப் பெட்டியில் புதியதை ஏற்றினேன். திருத்தத்தைக் குழுவுக்கும் அனுப்பினேன். ஏன் தப்பு வந்தது, இப்போது ஏன் வராது, முதலில் நான் என்ன நினைத்தேன், எல்லாம் எழுதினேன். கீழே முழுப்பெயர்.

அனுப்பும் பொத்தானை அழுத்தப் பயமாக இருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடினால் கிடைக்குமே. தேடுவதற்கு யார் இருக்கிறார்கள்? அழுத்திவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

இன்று சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசிப் படகில் ஏற முடியாமல் கரையில் ஒரு கூட்டமே நின்றுவிட்டது. அம்மா முந்தின படகில் போய்விட்டாளாம், ரொசாலியா அக்கா சொன்னாள். மகாக் நேராகக் கடைக்கு வந்தார்.

"என்ன ஒக்கேச்சு, உன் பெட்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? போன வாரம் ஒழுங்கா இருந்துச்சு. இன்னிக்குப் பாதிச் சந்தை என் சட்டையைப் பிடிக்குது."

ஒக்கேச் அண்ணன் ஏதோ சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து திரைச்சீலையை ஒதுக்கினார். "நான் வயர் இழுத்ததோட சரி. உள்ள இருக்கிறது இவ வேலை. இவளைத்தான் கேக்கணும்."

மகாக் என்னைப் பார்த்தார். கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். "இந்தப் புள்ளையா? இது வாயே தொறக்காதே." பிறகு என்னிடம், "பழசைத் திருப்பிப் போட முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அப்ப போடு."

"போடமாட்டேன்."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, குனிந்தார். மறுபடி சொன்னேன். பழைய பெட்டி ஆளை மறந்துவிடுகிறது, கூட்டம் அதிகமானால் அதிகமாக மறக்கிறது என்றேன்.

"மறந்தா மறந்துட்டுப் போகுது. ஆள் எங்க போயிடுவான்? படகுலதானே இருக்கான்."

"ஆமா," என்றேன். "படகுலதான் இருக்காங்க."

மகாக் நிமிர்ந்தார். நகரத்தில் வேறு கடை இல்லையா, பார்த்துக்கொள்கிறேன் என்று ஒக்கேச் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஒக்கேச் அண்ணன் சொன்னார்: "அந்தத் துறை வேலையை நம்பித்தான் இந்தக் கடைக்கு அட்வான்ஸ் குடுத்தேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது. எனக்கு எதுவும் யாரும் சொல்வதில்லை. ஆனாலும் பழையதைப் போடு என்று அவர் சொல்லவில்லை, நான் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 22, சனி

ஒக்கேச் அண்ணன் பேசவில்லை. வேலை கொடுக்கிறார், வாங்கிக்கொள்கிறார். திரைச்சீலை ஒதுக்கினபடியே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். இழுத்துவிடலாமா என்று இருந்தது. இழுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

யார்மோவிடமிருந்து: 'சேர்த்துவிட்டேன். விளக்கம் நன்றாக இருந்தது. நன்றி, அஜ்வாங்.'

மூன்று வாக்கியம். இருபது தடவையாவது படித்திருப்பேன். கடைசி வார்த்தையை மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

மார்ச் 25, செவ்வாய்

மகாக் நகரத்தில் இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தாராம். பெட்டியில் கை வைத்தால் ஏன் வைத்தாய் என்று அதிகாரிகள் கேட்பார்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்களாம். எழுதிக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அதனால் படகு இன்னொரு நடை போகும் என்று பேச்சு. ஒக்கேச் அண்ணனே சொன்னார். சொல்லிவிட்டு, "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

மார்ச் 27, வியாழன்

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் அம்மா!

ஈரக் காலோடு, முக்காலியில், ஒதோயோவை மடியில் போட்டுக்கொண்டு. இன்னொரு நடை என்று சொன்னதை நம்பி நின்றாளாம், அந்த நடையும் நிரம்பிவிட்டதாம். "எனக்கு முன்னாடி ரெண்டே பேரு அக்கா. செவப்பு லைட்டு எரிஞ்சிருச்சு. அந்த மகாக் மூஞ்சிக்கு நேரா கேட்டைச் சாத்துறான். எந்த முட்டாப்பய பண்ணின பெட்டியோ, அவன் கை வெளங்குமா?"

பெரியம்மா உகாலிக் களியைக் கிளறிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பய இல்ல" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. போய்க் காலைக் கழுவு."

பெரியம்மாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா? ஆவியில் சரியாகத் தெரியவில்லை.

அம்மா என் பாயில்தான் படுத்தாள். அவள் தலைமுடியில் மீன் சுடும் புகை வாசம். ஒதோயோ நடக்க ஆரம்பித்ததை, விழுந்ததை, அவன் தூக்கத்தில் சிரிப்பதை எல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தேன். "நீ ஏண்டி ஒண்ணுமே சொல்லமாட்டேங்கிற?" என்றாள். இரண்டு வருஷம். எங்கேயிருந்து ஆரம்பிப்பது? கடையில் வேலை நன்றாகப் போகிறது என்றேன். "அப்படின்னா என்ன வேலை?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். நான்கு செயலி என்பதற்குள் தூங்கிவிட்டாள். அவள் கை என் மேல் இருந்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மழையால் சந்தை மத்தியானமே கலைந்துவிட்டது. நான் வரும்போது அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் எடமில்லைக்கா," என்று பெரியம்மாவிடம் சொன்னாள், என்னைப் பார்க்காமல். "அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சிருச்சு."

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்றைய எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எந்த நடையிலும் பாதிப் படகுகூட நிரம்பவில்லை. விளக்கு எரியவே இல்லை. பெட்டி இப்போது தப்பாக எண்ணாது.

பக்கத்தில் உட்கார்ந்து மீதி வெங்காயத்தை நறுக்கினேன்.